நான் கழற்றிப் போட்ட சைலன்சர்

இது நடந்து ஒன்றரை வருடம் இருக்கும். மெட்ரோ ரயிலுக்காக மயிலாப்பூரைத் தோண்டிப் போட்டு, லஸ்ஸுக்குக் கிளம்பியவன் லஸ்ஸைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலம். எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்குப் பக்தி வரும். எனக்குக் கார் பைத்தியம் வந்தது.

சாதாரணக் காராக இருந்தால் வீட்டில் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். நான் ஆசைப்பட்டது 'ஹாட் ஹேட்ச்' என்று சொல்கிறார்களே, அந்த ரகம். பார்த்தால் மளிகை வாங்கப் போகிற சின்னக் கார் போலத்தான் இருக்கும், பின்பக்கம் நறுக்கிவிட்ட மாதிரி. உள்ளே டர்போ எஞ்சின். ஆக்ஸிலரேட்டரில் காலை லேசாக வைத்தாலே முதுகைப் பிடித்து சீட்டோடு அழுத்தும். புதிது வாங்குகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. தி.நகரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவன். அதனால் பழைய கார் விற்கும் ஒருவரைத் தேடி வடபழனிக்குப் போனேன்.

"சிங்கிள் ஓனர் சார். பையன் ஃபாரின் போயிட்டான். கொழந்த மாதிரி வச்சிருந்தான் வண்டிய" என்றார் அவர்.

"குழந்தையை யாராவது விற்பாங்களா?" என்று ஜோக்கடித்தேன். அவர் சிரிக்கவில்லை. சாவியைத் திருகினார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? தகரத்தாலான தொண்டை ஒன்று கனைத்துக்கொள்வது மாதிரி ஆரம்பிக்கும். கொஞ்சம் விரட்டினால் கச்சேரி மேடை மிருதங்கம். காலை எடுத்தால் பின்னாலிருந்து 'டுப்... டுபுக்' என்று இரண்டு இருமல். அந்த இருமலுக்காகவே நான் தேவையில்லாத இடத்திலெல்லாம் காலை எடுத்து வைத்து ஓட்டினேன்.

என் மனைவி முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும், "ஏங்க, இது காரா, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் ஆட்டோவில்தான் போனாள்.

வாங்கியதோடு நிற்கவில்லை. சைதாப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, சின்னச் சின்ன மேக்கப் வேலைகளைச் செய்துகொண்டேன். அகலமான டயர், ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை, நன்றாகப் பிடிக்கிற பிரேக் பேடு. வண்டியைத் தூக்கி அடியில் பார்த்த மெக்கானிக் விசிலடித்தார்.

"சைலன்சரு செம்மயா கீது சார். கம்பெனி சாமானே இல்ல இது. ரெண்டு வண்டி சாமான வெட்டி ஒட்டிக்கிறான். எவனோ ரசிச்சுப் பண்ணிக்கிறான். இத்த மட்டும் தொடாத."

தொடவில்லை. அதை மட்டும் தொடக்கூடாது என்று அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது.

என் வீடு அடையாறில். தி.நகரிலிருந்து வீட்டுக்குப் போக நேர் வழி இருக்கிறது. ஆனால் நான் மந்தைவெளி சுற்றிப் போக ஆரம்பித்தேன். மனைவியிடம் மெட்ரோக்காரர்கள்மேல் பழியைப் போட்டேன். உண்மை வேறு. அங்கே ஒரு தெரு. இரண்டு பக்கமும் நெருக்கமாக அடுக்குமாடி வீடுகள். நடுவில் கார் போனால் சத்தம் சுவரில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பாத்ரூமில் பாடினால் நமக்கே நாம் பெரிய வித்வான் என்று தோன்றுமே, அந்தச் சுகம். தினமும் சாயங்காலம் அலுவலகம் விட்டு வரும்போது அந்தத் தெருவுக்குள் திரும்பி, ஒரு விரட்டு விரட்டி, காலை எடுத்து, இருமலைக் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வெளியே வருவேன்.

கொஞ்ச நாளில் ஒரு கேட்டருகே ஒரு பெரியவர் நிற்க ஆரம்பித்தார். எழுபதை நெருங்கியவர். வேட்டி, அரைக்கைச் சட்டை. முதல் தடவை சும்மா பார்த்தார். அடுத்த தடவை கையைத் தூக்கினார். அதற்கடுத்த தடவை நடுத்தெருவுக்கே வந்து இரண்டு கையையும் தூக்கினார். எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தத்துக்குத் திட்டப் போகிறார். நான் பக்கத்தில் ஒதுங்கி, மிதித்தேன் பாருங்கள் ஒரு மிதி.

இதை அலுவலக நண்பனிடம் சொன்னது பெரிய தப்பு. "போச்சுடா மச்சி" என்றான் அவன். "மயிலாப்பூர் பக்கம் வேட்டி கட்டிக்கிட்டு கேட்டுல நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் ரிட்டயர்டு ஜட்ஜு. மீதிப் பேர் ரிட்டயர்டு போலீஸ். உன்னுது எந்தப் பாதி?"

அன்று சாயங்காலம் விடை தெரிந்துவிடும் போலிருந்தது. தெருவுக்குள் திரும்பியபோது பெரியவர் கேட்டில் இல்லை. அப்பாடா என்று காலை எடுத்து இரண்டு இருமல் இருமவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் ஒரு பழைய ஸ்கூட்டர். ஹெல்மெட்டுக்குள் அவர். முன்கூட்டியே ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார்!

ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையை ஆட்டினார். என்னவோ கத்தினார். என் சைலன்சர் போட்ட சத்தத்தில் எனக்கு எங்கே கேட்கும்? டர்போ, அகலமான டயர், புது பிரேக் எல்லாம் வைத்திருக்கிற நான், ஒரு ஓட்டை ஸ்கூட்டருக்குத் தப்பி சந்து சந்தாக ஓடினேன். எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பார்க்காமல் திரும்பி, கடைசியில் பட்டினப்பாக்கம் பக்கம் மீன் விற்கிற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றேன். முன்னால் மீன் கூடை. அதற்குப் பின்னால் மீன்கார அம்மா.

"யோவ்! கண்ணு இன்னா பின்னாடியா கீது? வஞ்சிரம் மேல ஏத்திப்ப போல கீதே!"

"அம்மா, ஒருத்தர் தொரத்திக்கிட்டு வர்றார்" என்றேன்.

அந்தம்மா எட்டிப் பார்த்தார். தெருமுனையில் ஸ்கூட்டர், நம்மைத் தவற விட்டுவிட்டு, மெதுவாக நேரே போனது.

"அந்தக் கெய்வனுக்கா பயந்துக்கினு வந்தே? ஆள் இன்னா சைஸுக்குக் கீறே! எறங்கி நின்னு இன்னான்னு கேட்டா பிரச்சன முடிஞ்சிது. போ நைனா, போ. வண்டிய ரிவர்ஸ் எடு."

பக்கத்துக் கூடைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தம்மா சொன்னதைச் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்க் காருக்கு உறை போட்டு மூடினேன். மறுநாளிலிருந்து பஸ்.

புது நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். வாசலில் யாராவது காக்கிச் சட்டை போட்டு வந்தால், அது காஸ் சிலிண்டர்காரராக இருந்தாலும், பால்கனியிலிருந்து தலையை இழுத்துக்கொள்வேன். "கொலை பண்ணவன்கூட இவ்வளவு பதுங்க மாட்டான். போய் ஒரு ஸாரி சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. "நம்பரைக் குறிச்சு வச்சிருப்பார். சைலன்சர் மாத்தின வண்டியையெல்லாம் போலீஸ் பிடிக்கிற நேரம் இது" என்றேன்.

ஒரு சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, விரட்டாமல், இருமாமல், வண்டியை உருட்டாத குறையாகச் சைதாப்பேட்டைக்கு எடுத்துப் போனேன். கம்பெனி சைலன்சரையே மாட்டச் சொன்னேன். மெக்கானிக்குக்கு மனசே இல்லை.

"நல்லா யோசிச்சியா சார்? பாடிக்கினு கீற வாய்ல துணிய அடைக்கச் சொல்றியே."

"அடைங்க."

மாட்டி முடித்தார். கழற்றிய பழையது தரையில் கிடந்தது. "இத்த டிக்கில போட்டுடவா? வுட்டுட்டுப் போனா, அடுத்த வாட்டி காயலாங்கடக்காரன் வரசொல்ல அள்ளிக்கினு பூடுவான்" என்றார். வேண்டாம் என்று விட்டுப் போகிற பழைய சாமான் காயலான் கடைக்குப் போவது எல்லா மெக்கானிக் கடையிலும் வழக்கம்தான்.

"அந்த ஆதாரமே என் வீட்டுல இருக்கக் கூடாது" என்றேன். பெரிய ஜோக் சொன்னதாக நினைத்து நானே சிரித்தேன்.

அடுத்த வாரம், தைரியம் வந்து, அதே தெருவுக்குள் திரும்பினேன். வண்டி பூனை மாதிரி போனது. பெரியவர் கேட்டருகே நின்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்து நிற்கும் வரை அவருக்கு ஒரு கார் வந்ததே தெரியவில்லை. கண்ணாடியை இறக்கினேன். மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சார், நல்லாக் கேளுங்க. ஏதாவது கேட்குதா? கேட்காது. எடுத்துட்டேன்" என்றேன்.

அவர் குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"எதை எடுத்தேள்?"

"அந்தச் சத்தத்தைத்தான். உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க."

"நான் எப்போ ஸார் தொந்தரவுன்னு சொன்னேன்?" என்றவர், கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கட்டைச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நானும் இறங்கிப் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை எல்லாம் அவர் சொன்ன மாதிரியே எழுத எனக்கு வராது. சுருக்கம் இதுதான். அந்தக் கார் அவர் மகனுடையது. சைலன்சரை வெட்டி ஒட்டியதும் மகன்தான். அக்கம்பக்கத்து வீடுகளில் புகார். அசோசியேஷன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கிவிட்டு வந்த கோபத்தில், 'ஒண்ணு இந்த வண்டி இந்த ஆத்துல இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்' என்று மகனிடம் கத்தியிருக்கிறார். மகன் வண்டியை விற்றான். ஒரு வேலையைத் தேடிக்கொண்டு வெளிநாடு போய்விட்டான். அம்மாவிடம் மட்டும் எப்போதாவது போனில் பேசுவான்.

"அவன் எங்கிட்ட பேசறதில்லை. அவன் போன நாள்லேருந்து இவளும் எங்கிட்ட பேசறதில்லை. சமைச்சு மேஜைல வெப்பா. தட்டை 'டொக்'னு வெச்சா, சாப்பிட வான்னு அர்த்தம்."

மகன் இங்கே இருந்தபோது ஒரு பழக்கம் உண்டாம். சாயங்காலம் அந்த வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போடுவார். அவன் வண்டியை நிறுத்தி, மாடியேறி, செருப்பைக் கழற்றிவிட்டு வருவதற்குள் கல் காய்ந்திருக்கும். வந்து உட்கார்ந்ததும் முதல் தோசை.

நான் அந்தத் தெருவில் முதல்முதலாக என் வித்வத்தைக் காட்டிய அன்று, அந்தம்மாவின் கை தன்னையறியாமல் கல்லைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டது.

"வெச்சுட்டு, அடடா யாருக்குப் போட்டேன்னு அவளே சிரிச்சா ஸார். என்னைத் திரும்பிப் பார்த்தா. 'கல்லு காஞ்சுண்டிருக்கு, நீங்களாவது வந்து உக்காருங்கோ'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் ஓடிப்போய் உக்காந்துண்டேன்."

அதற்குப் பிறகு சாயங்காலம் என் சத்தம் கேட்டால் தோசை. தோசை போட்டால் இரண்டு வார்த்தை. உப்பு சரியா, மாவு புளித்துவிட்டதா, அவ்வளவுதான். ஒரு நாள் மகன் சின்ன வயதில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அவர் என்னை மறித்ததெல்லாம், விஷயத்தைச் சொல்லி, இந்த வழியிலேயே தினமும் வாருங்கள் என்று கேட்பதற்கு. ஸ்கூட்டரில் துரத்தியதும் அதற்குத்தான்.

"ரெண்டு வாரமா உங்களைக் காணோமா... அவ திரும்பவும் தட்டை 'டொக்'னு வெக்க ஆரம்பிச்சுட்டா."

அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு எழுந்தேன். "இருங்க சார், அதையே திரும்ப மாட்டிட்டு வந்துடறேன்" என்றேன். சைதாப்பேட்டைக்கு எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. மெக்கானிக் என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அது அப்பவே பூட்சு சார். வேணான்னு நீதானே சொன்னே?"

காயலான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்கு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனேன். வெட்டிப் போட்ட சைலன்சர்கள் அங்கே மலை மாதிரி கிடந்தன. எல்லாம் ஒரே துரு நிறம். ஐம்பது வயது ஆள் ஒருவன் ஒவ்வொன்றாகத் தூக்கி, வாயை வைத்து ஊதாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்ததை அந்தக் கடைக்காரர் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்தார். "இன்னா சார், உள்ள எதுனா நகை வச்சிருந்தியா?" என்றார். நான் அடுத்ததைத் தூக்கிப் பார்த்தேன். என் பழைய சைலன்சர் கிடைக்கவே இல்லை.

மெக்கானிக் தன் ஞாபகத்தை வைத்து வேறொன்று செய்து கொடுத்தார். வெட்டி, ஒட்டி, திரும்ப வெட்டி. கேட்டால் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருந்தது. இருமல்கூட வந்தது. பெரியவரிடம் முன்னாலேயே போனில் சொல்லிவிட்டு, ஒரு சாயங்காலம் அந்தத் தெருவுக்குள் திரும்பினேன். அந்தத் தெருவில் அவ்வளவு பயந்துகொண்டு நான் என்றுமே ஓட்டியதில்லை. விரட்டினேன். காலை எடுத்தேன். தெருக்கோடியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

போன் வந்தது. "நன்னாத்தான் இருந்தது ஸார்" என்றார். "பால்கனி வரைக்கும் வந்தா. கேட்டா. 'இது வேற யாரோ'ன்னு தனக்குத்தானே சொல்லிண்டு உள்ளே போயிட்டா."

மூன்று சாயங்காலம் முயற்சி செய்துவிட்டு, நானே வேண்டாமென்று விட்டுவிட்டேன். பொய் சொல்லி ஏமாற்றுகிற மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். போனேன். அந்தம்மா வாசலுக்கே வந்து, "வாங்கோ, அந்தக் கார்க்காரர் நீங்கதானா? சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். என்மேல் துளிக்கூடக் கோபமில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நானும் பெரியவரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தட்டில் தோசை வந்தது.

"அவருக்கு மொளகாப்பொடி போதுமான்னு கேளுங்கோ" என்றார் அந்தம்மா, என்னைப் பார்த்து.

கணவர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் திரும்பி, "சார், மிளகாய்ப்பொடி போதுமா?" என்றேன்.

"போதும்னு சொல்லுங்கோ."

"போதுமாம் மாமி."

இப்படியே சட்னி, எண்ணெய், இன்னொரு தோசை என்று எல்லாமே என் வழியாகப் போய் வந்தது. வேறு வீடாக இருந்தால் இதை வைத்து நான் ஒரு வருடம் ஜோக்கடித்திருப்பேன். வழக்கம் போல ஏதாவது கோமாளித்தனம் பண்ணிச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. அவர் சொல்லாததை நானாகச் சேர்த்து, "மாமி, தோசை பிரமாதம்னு சார் சொல்றார்" என்றேன்.

அந்தம்மாவின் கை நின்றது. "அவர் சொல்லியிருக்க மாட்டார். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு நாள்கூடச் சொன்னதில்லை" என்று சொல்லிவிட்டுக் கரண்டியோடு உள்ளே போனார். குழாயைத் திறந்து பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

பெரியவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "நன்னா இருக்குன்னு சொல்லுங்கோ" என்றார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.

"காதுல விழுந்தது" என்றார் அந்தம்மா.

அவ்வளவுதான். வெளியே வரவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி குழாயைத் திறந்தார். அந்தப் பதில் எனக்கா, அவருக்கா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பெரியவர் கையலம்பிவிட்டு வந்து, என்னைப் படிக்கட்டு வரை வழியனுப்பினார். என் தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை போனில் பேசினோம். ஒரு முறை நேரில் போனபோது வீடு பூட்டியிருந்தது. வீட்டைக் காலி செய்து, வயதானவர்கள் சேர்ந்து வசிக்கும் குடியிருப்பு எதற்கோ இரண்டு பேரும் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. போன் நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லை. அங்கே மேஜையில் தட்டு எப்படி வைக்கப்படுகிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை.

கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கம்பெனி சைலன்சரோடு. மனைவி இப்போது ஏறி உட்காருகிறாள். நல்ல அமைதியான வண்டி என்று எல்லாரிடமும் சொல்கிறாள். ரோட்டில் யாராவது கையைத் தூக்கினால் மட்டும், அவர் திட்டவே வந்தாலும் சரி என்று, ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி என்னவென்று கேட்கிறேன். ஏனென்றால் என் வாழ்க்கையில் யாருக்காவது உண்மையிலேயே உபயோகமான ஒரு காரியத்தை, உபயோகமென்றே தெரியாமல் தினமும் சாயங்காலம் செய்துகொண்டிருந்தேன், அதை நிறுத்தாதே என்று கெஞ்ச வந்த மனிதரைப் பார்த்துத்தான் அப்படி ஓடினேன்.